எண்சுவடியும் மடங்கு வாய்ப்பாடும்

ஒரு முழு எண்ணை 1, 2, 3 முதலிய எண்களால் முறையே பெருக்க வரும் தொகைகள் அவ்வெண்ணின் மடங்குகள் எனப்படும். அவற்றை வரிசையாக நினைவில் இருத்த உதவுவது வாய்ப்பாடு. இது வெறும் மனப்பாடமா, அன்றிக் கணித அறிவின் ஒரு பகுதியா என்னும் வினா ஆசிரியரிடையே அடிக்கடி எழுவதாகும்.

பழைய திண்ணைப் பள்ளிகளில் மாணவர் மணலில் விரலால் எழுதிப் பழகியபின் எண்சுவடியை ஓதினர். சட்டாம்பிள்ளை முன்னே சொல்ல, ஏனையோர் பின்தொடர்ந்து சொல்வர். சென்னை எழும்பூரில் 1789ஆம் ஆண்டு முதல் ஆதரவற்ற சிறுவர் இல்லமொன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்பார், நாட்டுப் பள்ளிகளில் கண்ட மணலெழுத்தைத் தாமும் கைக்கொண்டு, மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையை வகுத்து, 1797இல் நூலாக வெளியிட்டார்.

எண்சுவடி முழு எண்களோடு நின்றதன்று. மா என்பது 1/20. வீசம் என்பது 1/16. காணி என்பது 1/80. முந்திரி என்பது 1/320. இவ்வெண்கள் தற்செயலாக அமைந்தவை அல்ல. 16க்கும் 20க்கும் பொதுவான மடங்குகளுள் மிகச் சிறியது 80. ஆகவே மாவும் வீசமும் காணியில் முழு எண்களாகவே அமைகின்றன: ஒரு மா 4 காணி, ஒரு வீசம் 5 காணி. அவற்றையே முந்திரியில் சொன்னால் முறையே 16, 20 ஆகும். வீசத்திலிருந்து மாவைக் கழிக்க எஞ்சுவது யாது என்று கேட்டால், சுவடி ஓதிய சிறுவன் தாளும் எழுதுகோலுமின்றி ‘ஒரு காணி’ என்று விடை கூறியிருப்பான். மீச்சிறு பொது மடங்கு என்னும் பெயரை அவன் கேட்டிரான், பொருளை அறிந்திருந்தான். ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற கணக்கு வழங்கியவரையில் கடைத்தெருவிலும் இவ்வறிவு வேண்டப்பட்டது. 1957 ஏப்ரல் முதல் நாளன்று நூறு காசு நாணயமுறை வந்தபின் பின்ன வாய்ப்பாடுகள் வழக்கொழிந்தன. முழு எண் வாய்ப்பாட்டின் தேவையோ சிறிதும் குறையவில்லை.

இனி மொழியைப் பற்றி ஒரு சொல். ரேணிகுண்டாவிற்கும் ஸ்ரீகாளஹஸ்திக்கும் இடையிலுள்ள ஏர்பேட்டில் இன்று இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சிக் கழகமும் அமைந்துள்ளன. இரண்டும் 2015இல் தொடங்கப்பெற்றவை. இவ்வெல்லைப் பகுதியில் வீட்டில் தமிழ் பேசும் குழந்தை பள்ளியில் தெலுங்கு ‘எக்கம்’ ஓதுவது இயல்பே. எம்மொழியில் பாடம் செய்தோமோ அம்மொழியிலேயே பெருக்கல் விரைந்து நினைவிற்கு வரும். ஆதலின் மொழியை இடையில் மாற்றுமாறு வற்புறுத்தல் வேண்டா. இருமொழிகளிலும் ‘இருபத்தொன்று’ என்பதுபோலப் பத்துகள் முன்னும் ஒன்றுகள் பின்னும் வருதலால், எண்ணுப்பெயரும் எழுத்துமுறையும் ஒத்துச் செல்கின்றன. தொண்ணூறு மட்டும் சற்றுத் தொல்லை தரும்.

பயிற்சிமுறைக்கு வருவோம். 1, 10 ஆகியவற்றின் வாய்ப்பாடுகள் எளியவை. எஞ்சிய 2 முதல் 9 வரையுள்ளவற்றில், ஏழெட்டும் எட்டேழும் ஒன்றே என்பதை முதலில் உணர்த்திவிட்டால், நினைவிற் கொள்ளவேண்டிய பெருக்கங்கள் 36 மட்டுமே. இதனை அறியாத மாணவன் 64 பெருக்கங்களைச் சுமக்கிறான். வரிசையாக மட்டும் ஓதுவதில் மற்றொரு குறையும் உண்டு: எட்டேழு எவ்வளவு என்று திடீரெனக் கேட்டால் அவன் ஓரேழிலிருந்தே தொடங்குவான். ஆகவே வரிசை பழகியவுடன் அதைக் கலைத்துக் கேட்க வேண்டும். ஒரே நாளில் நெடுநேரம் கேட்பதைவிட, நாள்தோறும் சிறிது நேரம் கேட்பதே நன்று. தவறான விடைகளுட் பெரும்பாலானவை அதே வாய்ப்பாட்டில் அருகிலுள்ள தொகைகளாகவே இருக்கும். எட்டேழு 48 என்பவன் கணக்கறியாதவன் அல்லன். ஒரு படி பிசகியவன்.

அவனை நாற்றங்காலுக்கு அழைத்துச் செல்க. வரிசைக்கு 8 மாங்கன்றுகளாக 7 வரிசைகள் இருக்குமாயின், முதலில் 5 வரிசைகளை எண்ணச் செய்க: 40. எஞ்சிய 2 வரிசைகளில் 16. கூட்ட 56. பழைய சுவடிகளில் பெருக்கங்களின் இறுதியில் அவற்றின் கூட்டுத்தொகையையும் சேர்த்துப் பாடம் செய்யும் வழக்கம் இருந்தது. ஒன்று முதல் பத்து வரை கூட்டினால் 55 ஆதலின், ஏழாம் வாய்ப்பாட்டின் மொத்தம் 55ஐ ஏழால் பெருக்கிய 385. மாணவன் தான் எழுதிய பத்து விடைகளைக் கூட்டிப் பார்த்து, 385 வாராவிடில் பிழை எங்குள்ளதென்று தானே தேடிக்கொள்ளலாம்.