கையெழுத்துப் போடும் முன்: இதயத் துடிப்புக்கான புதிய மருந்தும் நாம் கேட்க வேண்டிய கேள்விகளும்



சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு ஓர் அண்ணனும் தங்கையும் வந்தார்கள். கையில் 18 பக்கத்தில் ஒரு தாள்கட்டு. அவர்களுடைய வாப்பாவுக்கு 62 வயது. கொஞ்ச காலமாக இதயம் தாறுமாறாகத் துடிக்கிறது. வழக்கமாகப் பார்க்கும் மருத்துவமனையில், "துடிப்பைச் சீராக்க ஒரு புதிய மருந்து ஆய்வில் இருக்கிறது. உங்கள் வாப்பாவைச் சேர்க்க விருப்பமா?" என்று கேட்டு, படித்துப் பார்க்கப் படிவத்தைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அண்ணனுக்குச் சேர்த்துவிடலாம் என்று எண்ணம். தங்கைக்குப் பயம். அவர் நம்மிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "எங்க வாப்பாவுக்கு வைத்தியம் பாக்குறாங்களா, இல்ல வாப்பாவ வச்சு சோதிச்சுப் பாக்குறாங்களா?"

நேர்மையான கேள்வி. அன்று அவர்களுக்குச் சொன்னதையும், பிறகு நமக்குத் தெரிந்த மருத்துவர்களிடம் கேட்டுத் தெளிந்ததையும் எல்லாக் குடும்பங்களுக்கும் பயன்படும் என்று இங்கே எழுதுகிறோம். நாம் மருத்துவர்கள் அல்லர். சேருங்கள் என்றோ, வேண்டாம் என்றோ சொல்வது நம் வேலையும் அல்ல. தெரிந்து முடிவெடுங்கள் என்பதே நம் வேண்டுகோள்.

துடிப்பு ஏன் தவறுகிறது?

நம் இதயம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. இதயத்தின் மேல் அறையில் உள்ள ஒரு சிறு திசுவிலிருந்து மின்தூண்டல் கிளம்பி, வரிசை மாறாமல் கீழ் அறைகள் வரை செல்கிறது. ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 துடிப்பு என்பது பெரியவர்களுக்குச் சாதாரணம். இந்த மின் ஓட்டத்தில் குழப்பம் வந்தால் துடிப்பு தாறுமாறாகிறது.

இதில் பல வகை உண்டு. எப்போதாவது ஒரு துடிப்பு முந்தி வருவது பலருக்கும் இருக்கும். பெரும்பாலும் அதனால் கெடுதல் இல்லை. மேல் அறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருப்பது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். அங்கே இரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். இந்த நோய் உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து சுமார் ஐந்து மடங்கு என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். கீழ் அறைகள் அப்படி நடுங்கினால் நிமிடங்களில் உயிர் போய்விடும். ஆகவே "துடிப்பு சரியில்லை" என்று சொன்னால், எந்த வகை என்று கேட்பதுதான் முதல் வேலை.

ஈசிஜி சரியானது, உயிர் போனது

இந்த நோய்க்கான மருந்துகளைச் சோதிக்காமல் நம்பக்கூடாது என்பதற்கு மருத்துவ உலகமே மறக்காத ஒரு பாடம் உண்டு.

1980களில், மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்கு முந்தித் துடிக்கும் துடிப்புகள் அதிகம் இருந்தால் அவர்கள் திடீரென்று இறக்கும் வாய்ப்பும் அதிகம் என்று தெரிந்திருந்தது. அப்படியானால் அந்தத் துடிப்புகளை அடக்கினால் உயிரைக் காக்கலாம் அல்லவா? எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். என்கெய்னைடு, ஃபிளெகெய்னைடு என்ற மருந்துகள் அந்தத் துடிப்புகளை நன்றாகவே அடக்கின. ஏற்கெனவே விற்பனைக்கும் வந்திருந்தன.

அமெரிக்க அரசின் தேசிய இதய, நுரையீரல், இரத்த நிறுவனம் 1987இல் இதை முறையாகச் சோதிக்கத் தொடங்கியது. மருந்து கொடுத்துத் துடிப்பு அடங்கியவர்களை மட்டுமே தேர்ந்தெடுத்து, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 755 பேருக்கு மருந்து. 743 பேருக்கு அதே தோற்றத்தில் மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

1989 ஏப்ரலில் அந்தச் சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். சராசரியாகப் பத்தே மாதங்களில் மருந்து சாப்பிட்டவர்களில் 63 பேர் இறந்திருந்தார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 26 பேர். ஈசிஜி தாளில் துடிப்பு அழகாக இருந்தது. ஆனால் மாரடைப்பால் தழும்பேறிய இதயத்தில் அந்த மருந்துகள் மின் ஓட்டத்தை மந்தமாக்கி, புதிய, கொடிய துடிப்புக் கோளாறுகளுக்கு வழி செய்துவிட்டன. மூன்றாவதாகச் சோதித்த மோரிசிசைன் என்ற மருந்தையும் 1991இல் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று.

அந்த ஆய்வு நடக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒருவர் இறந்தால் "மாரடைப்பு வந்த இதயம்தானே" என்று சொல்லி அடக்கம் செய்திருப்பார்கள். மருந்தின் மீது யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. இரண்டு கூட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணியதால்தான் உண்மை வெளிவந்தது. ஃபிளெகெய்னைடு இன்றும் பயன்படுகிறது. ஆனால் இதயத் தசை பழுதில்லாத, தகுந்த நோயாளிகளுக்கு மட்டும்.

புதியது என்பதால் மேலானது அல்ல

இன்னொரு ஆய்வு நம்மைப் போன்ற நாடுகளின் மக்களுக்கு இன்னும் நெருக்கமானது. சிறு வயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் மூட்டுவாதக் காய்ச்சல் இதய வால்வுகளைக் கெடுக்கும். பின்னாளில் அவர்களில் பலருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வருகிறது. இரத்தம் உறையாமல் இருக்க அவர்களுக்கு வார்ஃபரின் போன்ற பழைய மருந்தைக் கொடுப்பார்கள். அதற்கு அடிக்கடி இரத்தப் பரிசோதனை வேண்டும், உணவிலும் கவனம் வேண்டும். ரிவரொக்சபான் என்ற புதிய மருந்துக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. அப்படியானால் புதியதையே கொடுத்துவிடலாமே?

ஆப்பிரிக்கா, ஆசியா, இலத்தீன் அமெரிக்காவில் 24 நாடுகளில் 4,500க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். 2022இல் முடிவு வந்தது. பக்கவாதம், மரணம் போன்ற பாதிப்புகள் புதிய மருந்து பெற்ற 2,275 பேரில் 560 பேருக்கும், பழைய மருந்து பெற்ற 2,256 பேரில் 446 பேருக்கும் ஏற்பட்டன. பழைய மருந்தே மேல் என்று தெரிந்தது. வால்வுக் கோளாறு இல்லாத பலருக்கு அந்தப் புதிய மருந்து நல்ல மருந்துதான். ஆனால் இவர்களுக்கு இல்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மருந்து நமக்கும் கேட்கும் என்று நினைப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதுவே சாட்சி.

வைத்தியமா, சோதனையா?

இப்போது தங்கையின் கேள்விக்கு வருவோம். ஆய்வில் சேருகிறவருக்கு மருத்துவக் கவனிப்பு கிடைக்கும். ஆனால் ஆய்வின் நோக்கம் அந்த ஒருவரைக் குணப்படுத்துவது அல்ல. அந்த மருந்து வேலை செய்கிறதா, தீங்கு செய்கிறதா என்று அறிவதுதான் நோக்கம். மருத்துவருக்கே விடை தெரியாது. தெரிந்திருந்தால் ஆய்வே தேவையில்லை. இதை மறைத்து "நல்ல புது மருந்து, இலவசம்" என்று மட்டும் யாராவது சொன்னால், அங்கே கொஞ்சம் நிதானியுங்கள்.

புதிய மருந்து பல படிகளைத் தாண்டி வருகிறது. ஆய்வகத்திலும் விலங்குகளிடமும் சோதித்த பிறகு, முதற்கட்டத்தில் மிகச் சிலருக்குக் கொடுத்துப் பாதுகாப்பைப் பார்ப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் நோயாளிகள் சிலருக்குக் கொடுத்து எந்த அளவு பலன் தருகிறது என்று பார்ப்பார்கள். மூன்றாம் கட்டத்தில் நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ நோயாளிகளைப் பிரித்து, இருக்கும் சிகிச்சையுடன் அல்லது மருந்தில்லாத மாத்திரையுடன் ஒப்பிடுவார்கள். விற்பனைக்கு வந்த பிறகும் கண்காணிப்பு தொடரும். அதுவே நான்காம் கட்டம். உங்களைச் சேர்ப்பது எந்தக் கட்டம் என்று கேட்டால் ஆபத்தின் அளவு ஓரளவு புரியும்.

சட்டம் நமக்குத் தரும் உரிமைகள்

நம் நாட்டில் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகள், 2019 நடப்பில் உள்ளன. அவற்றின்படி:

நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கி ஒப்புதல் பெற வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வில் சம்பந்தப்படாத ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும்.

ஒப்புதல் படிவத்தின் ஒரு பிரதியை நோயாளிக்குக் கொடுக்க வேண்டும்.

காரணம் சொல்லாமலேயே எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகியதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது.

ஆய்வின்போது உடலுக்குப் பாதிப்பு வந்தால் இலவச மருத்துவம் தர வேண்டும். ஆய்வினால் பாதிப்போ மரணமோ ஏற்பட்டது என்றால் இழப்பீடும் உண்டு.

ஒவ்வொரு ஆய்வையும் ஒரு நெறிமுறைக் குழு பார்த்து அனுமதிக்க வேண்டும். அதில் மருத்துவர் அல்லாத பொதுமக்களில் ஒருவரும், சட்டம் தெரிந்தவரும், பெண் உறுப்பினரும் இருப்பார்கள். முறையிட வேண்டுமானால் அந்தக் குழுவிடமே நேராக முறையிடலாம். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் ஆய்வு பதிவாகியிருக்க வேண்டும். அந்த எண்ணை வைத்து இணையத்தில் யாரும் பார்க்கலாம்.

கேட்க வேண்டிய கேள்விகள்

1. இது எந்த வகைத் துடிப்புக் கோளாறு? இதற்கு ஏற்கெனவே உள்ள சிகிச்சை என்ன? ஆய்வில் சேராவிட்டால் எனக்கு என்ன கொடுப்பீர்கள்?

2. எனக்கு மருந்தில்லாத மாத்திரை வர வாய்ப்பு உண்டா? இப்போது சாப்பிடும் மருந்துகள், குறிப்பாக இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, தொடருமா?

3. இதுவரை எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறீர்கள்? என்னென்ன தீங்கு கண்டீர்கள்?

4. எத்தனை மாதம், எத்தனை முறை வர வேண்டும்? பஸ் செலவும், போகும் நாளின் கூலியும் யார் தருவார்கள்?

5. நள்ளிரவில் மயக்கம் வந்தால் யாருக்குப் போன் செய்வது?

6. ஆய்வு முடிந்த பிறகு, மருந்து எனக்குக் கேட்டிருந்தால், தொடர்ந்து கிடைக்குமா?

நம் வீடுகளுக்கென்று சில செய்திகள்

ரமளான் மாதம் ஆய்வுக் காலத்துக்குள் வந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். பகலில் சாப்பிட வேண்டிய மாத்திரையை நீங்களாக ஸஹருக்கோ இஃப்தாருக்கோ மாற்றிக்கொள்ளாதீர்கள். மாற்றலாமா என்று மருத்துவரையும், நோன்பின் சலுகை பற்றி ஆலிம்களையும் கேளுங்கள்.

யூனானி, சித்த மருந்து, கருஞ்சீரக எண்ணெய் என எதைச் சாப்பிட்டாலும் மறைக்காதீர்கள். சில பொருட்கள் இரத்தத்தை மேலும் இளக்கும். சில, மாத்திரையின் வேகத்தை மாற்றும்.

மருந்து எதிலிருந்து செய்யப்பட்டது என்று கேட்பதில் தவறில்லை. ஹெபாரின் என்ற ஊசி மருந்து பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுகிறது. கேப்ஸ்யூல் உறைகள் பல ஜெலட்டினால் ஆனவை. மாற்று உண்டா என்று மருத்துவரிடமும், இல்லையென்றால் என்ன செய்வது என்று ஆலிம்களிடமும் கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பெண்களுக்காகக் கணவரோ மகனோ கையெழுத்திட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். சுயநினைவோடு இருக்கும் எவருக்கும் ஒப்புதல் அவருடையதே.

இதில்தான் அந்த அண்ணனும் தங்கையும் அன்று சட்டென்று அமைதியானார்கள். "வாப்பா என்ன சொல்றாங்க?" என்று நாம் கேட்டோம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வாரமாக வீட்டில் வாக்குவாதம். ஆனால் வாப்பாவிடம் யாரும் கேட்கவில்லை. அவர் பயந்துவிடுவார் என்று படிவத்தையே காட்டவில்லை.

அடுத்த வாரம் மூவரும் கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார்கள். மருத்துவர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பதில் சொன்னாராம். வாப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இரண்டு நாள் யோசித்து, தாமே கையெழுத்துப் போட்டார். அவருக்குக் கிடைப்பது மருந்தா, வெறும் மாத்திரையா என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அவசர எண் எழுதிய அட்டை சட்டைப் பையில் இருக்கிறது. தங்கைக்கு இன்னும் பயம் முழுதாகப் போகவில்லை. ஆனால் "இப்ப எதுக்குப் பயப்படணும்னாவது தெரியுது" என்றார். அவர் இடத்தில் இன்னொருவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் அதுவும் சரியான முடிவே.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு படிவம் வந்திருந்தால், மஃரிபுக்குப் பிறகு அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். ஒவ்வொரு பக்கமாகத் தமிழில் வாசித்துச் சொல்ல ஆள் இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். வரும்போது நோயாளியையும் கூட்டி வாருங்கள்.