காருக்கும் செருப்பு வேண்டும்!

"டங்!"

காருக்கு அடியில் ஒரு சத்தம். அவ்வளவுதான். கார் நிற்கவில்லை. ஓட்டுகிறவர், "ஏதோ கல் பட்டுவிட்டது" என்று நினைத்துக்கொண்டு மேலே போகிறார்.

இரண்டு மைல் தாண்டியதும் எதிரே சிறிய சிவப்பு விளக்கு ஒன்று எரிகிறது. "வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். வீடு வருவதற்கு முன்பே என்ஜின் "கடகட" என்று அலறுகிறது. பிறகு பேச்சும் இல்லை, மூச்சும் இல்லை.

ஒரு சிறு கல், ஓர் என்ஜினையே கொன்றுவிட்டது!

தாழ்வான பழைய கார் வைத்திருக்கும் யாருக்கும் இந்த ஆபத்து வரலாம். இதைத் தடுக்க எளிய வழி ஒன்று உண்டு. முள்ளிலும் கல்லிலும் நடக்கிறவன் காலுக்குச் செருப்பு போடுகிறான் அல்லவா? அதுபோலக் காருக்கும் ஒரு செருப்பு போடலாம். அதற்கு "சம்ப் கார்டு" என்று பெயர். என்ஜினுக்கு அடியில் பூட்டும் கனமான உலோகத் தகடுதான் அது.

வயிற்றில் எண்ணெய்

என்ஜினின் அடிப்பாகத்தில் ஓர் எண்ணெய்த் தொட்டி இருக்கிறது. "சம்ப்" என்பது அதன் பெயர். நம் ஊர் மெக்கானிக்குகள் "ஆயில் சேம்பர்" என்பார்கள்.

இந்தத் தொட்டியில் இருந்து ஒரு பம்பு எண்ணெயை உறிஞ்சி மேலே அனுப்புகிறது. என்ஜின் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுழல்கிறது. அப்போது உலோகமும் உலோகமும் உரசாதபடி நடுவில் மெல்லிய படலமாக நிற்பது இந்த எண்ணெய்தான். வேலை முடிந்ததும் அது மறுபடியும் தொட்டியில் வந்து விழுகிறது.

உடம்புக்கு ரத்தம் எப்படியோ, அப்படித்தான் என்ஜினுக்கு எண்ணெய். தொட்டி உடைந்தால் எண்ணெய் முழுவதும் ரோட்டில் கொட்டிவிடும். பிறகும் என்ஜின் ஓடினால் பாகங்கள் உரசிச் சூடேறும். ஒன்றோடு ஒன்று இறுகிப் பிடித்துக்கொள்ளும். அதற்குச் சில நிமிஷங்களே போதும்.

தொட்டி இரும்புத் தகட்டால் ஆனது என்றால், அடிபட்டதும் நசுங்கும். எண்ணெய் உறிஞ்சும் குழாய் அடியோடு ஒட்டி இருப்பதால், நசுங்கிய தகடு அதன் வாயை அடைத்துவிடக்கூடும். தொட்டி அலுமினிய வார்ப்பு என்றால் நசுங்காது. விரிசல் விடும்!

புகழ் பெற்ற குட்டிக் கார்

இங்கிலாந்தில் பிறந்த "மினி" கார் இதற்கு நல்ல உதாரணம்.

1956-ல் சூயஸ் கால்வாய் நெருக்கடி வந்தது. பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. குறைந்த பெட்ரோலில் ஓடும் சிறிய கார் ஒன்று தேவைப்பட்டது. அலெக் இசிகோனிஸ் என்ற என்ஜினீயர் அதை வடிவமைத்தார். 1959 ஆகஸ்டு மாதம் மினி வெளிவந்தது. நீளம் 10 அடி. சக்கரத்தின் அளவு 10 அங்குலம். அதற்குள் 4 பேர் உட்காரலாம்!

இடத்தை மிச்சப்படுத்த இசிகோனிஸ் இரண்டு தந்திரங்கள் செய்தார். என்ஜினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். கியர் பெட்டியை என்ஜினுக்கு அடியில், எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே வைத்தார்.

ஆகவே மினியில் என்ஜினுக்கும் கியருக்கும் ஒரே எண்ணெய்தான். மொத்தம் சுமார் 5 லிட்டர். அது இருக்கும் பெட்டி அலுமினியக் கலவை. அதில் விரிசல் விட்டால் என்ஜினுக்கும் ஆபத்து, கியருக்கும் ஆபத்து. ஒரே கல்லில் இரண்டு பலி!

வயதானால் குனியும்

2000-ம் ஆண்டில் பழைய மினியின் உற்பத்தி நின்றுவிட்டது. அதற்குள் 50 லட்சத்துக்கும் மேல் விற்றுவிட்டன. இன்றும் பலர் அதைப் பிள்ளை போல வளர்க்கிறார்கள்.

மினியைத் தாங்குவது சுருள் கம்பி அல்ல, ரப்பர்! கூம்பு வடிவமான ரப்பர்க் கட்டைகள் காரின் பாரத்தைச் சுமக்கின்றன. வருஷங்கள் ஆக ஆக ரப்பர் அமுங்கிப்போகும். வயதானவர்களுக்கு முதுகு கூனுவது போலக் காரும் தாழ்ந்துவிடும்.

இது போதாது என்று, சிலர் வேண்டுமென்றே காரை இன்னும் இறக்குகிறார்கள். காரணம் அழகு மட்டும் அல்ல. உயரம் குறைந்தால் கார் வளைவுகளில் சாயாமல் ஓடும்.

ஆனால் ரோடு இறங்குமா? பிரிட்டனில் வேகத்தைக் குறைக்க ரோட்டில் மேடுகள் போடுகிறார்கள். அவை 10 சென்டி மீட்டர் உயரம் வரை இருக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. இறக்கிய காரின் வயிறு அந்த மேட்டில் உரசாமல் போவது எப்படி?

பனிமலைப் பந்தயம்

இந்த ஆபத்தை நன்றாக உணர்ந்தவர்கள் பந்தயக்காரர்கள்.

ஐரோப்பாவில் "மான்டி கார்லோ" கார்ப் பந்தயம் புகழ் பெற்றது. குளிர் காலத்தில், பனி மூடிய ஆல்ப்ஸ் மலைப் பாதைகளில், இரவு பகலாகக் கார்கள் பறக்கும். 1964-ல் பாடி ஹாப்கிர்க் என்ற அயர்லாந்துக்காரர், தோழர் ஹென்றி லிட்டனுடன் ஒரு சிவப்பு மினியில் கிளம்பினார். மின்ஸ்க் நகரில் புறப்பட்ட அவர், பெரிய பெரிய கார்களை எல்லாம் முந்தி முதல் பரிசைத் தட்டிக்கொண்டு போனார்! 1965-லும் 1967-லும் மறுபடியும் மினிக்கே வெற்றி. 1966-ல் முதலில் வந்தும், முன்விளக்குகள் விதிப்படி இல்லை என்று பரிசு மறுக்கப்பட்டது.

அந்தப் பந்தய மினிகளின் அடியில் சம்ப் கார்டு பூட்டி இருந்தார்கள். பனிக்கட்டியும் பாறையும் தகட்டில் மோதின. தொட்டி தப்பியது. பரிசு வாங்கியது ஓட்டியவர். அடி வாங்கியது தகடு!

தகடு எப்படி இருக்க வேண்டும்?

தகட்டை எண்ணெய்த் தொட்டியிலேயே பூட்டக் கூடாது. பூட்டினால் தகட்டில் விழும் அடி நேரே தொட்டிக்குப் போகும். என்ஜினைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில்தான் பூட்ட வேண்டும்.

தகட்டுக்கும் தொட்டிக்கும் நடுவில் விரல் நுழையும் அளவாவது இடைவெளி வேண்டும். என்ஜின் ரப்பரின் மேல் உட்கார்ந்திருப்பதால் ஓடும்போது ஆடும். ஒட்டி வைத்தால் "தடதட" என்று இடிக்கும்.

தகட்டின் முன் ஓரம் படகின் மூக்கு போல மேலே வளைந்திருக்க வேண்டும். அப்போதுதான் கல் மீது முட்டாமல் வழுக்கிப் போகும். போல்ட்டுகளின் தலை வெளியே நீட்டக் கூடாது.

இரும்புத் தகடு உறுதியானது, விலை மலிவு. ஆனால் கனம் அதிகம், துருப்பிடிக்கும். அலுமினியத் தகடு கனம் குறைந்தது, துருப்பிடிக்காது. ஆனால் அதே உறுதிக்கு அதிகத் தடிமனான தகடு வேண்டும்.

காற்று போக ஓட்டைகள் தேவை. இல்லாவிட்டால் என்ஜின் சூடேறும். பழைய எண்ணெயை வடிக்கவும் ஓர் ஓட்டை விட வேண்டும்.

கவனம் தேவை

தகடு பூட்டியதும் கவலை விட்டது என்று இருக்கக் கூடாது. தகட்டின் கனத்தால் காரின் அடி இன்னும் சற்றுத் தாழும். மேட்டைக் கண்டால் மெதுவாகத்தான் ஏற வேண்டும்.

எண்ணெய் ஒழுகினால் அது தகட்டில் தேங்கி, வெளியே தெரியாமல் போகலாம். ஆகவே அளவு கம்பியை இழுத்து அடிக்கடி எண்ணெயைப் பார்க்க வேண்டும். பலத்த அடி பட்டால் தகட்டைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. கழற்றும்போது ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்கக் கூடாது. உறுதியான தாங்கிகள் வைத்த பிறகே குனிய வேண்டும். காரின் உயிரைக் காக்கப் போய், தன் உயிரைப் பணயம் வைக்கலாமா?

இன்னொன்று. அமுங்கிய ரப்பரை மாற்றினால் கார் பழையபடி நிமிர்ந்துவிடும். முதல் வைத்தியம் அதுதான். செருப்பு அடுத்தது.

சிவப்பு விளக்கு எரிந்தால்?

எண்ணெய் விளக்கு எரிந்தால் "வீடு பக்கத்தில்தானே" என்று ஓட்டக் கூடாது. பத்திரமான இடத்தில் ஒதுக்கி, உடனே என்ஜினை நிறுத்த வேண்டும். உடனே நிறுத்தினால் பெரும்பாலும் போவது தொட்டி மட்டுமே. நிறுத்தாவிட்டால் போவது என்ஜின்!

அப்பா ஓட்டிய காரை மகன் ஓட்ட வேண்டும், பேரப்பிள்ளைகள் ஏறிப் போக வேண்டும் என்பதுதான் பழைய கார் வைத்திருப்பவர்களின் ஆசை. அந்த ஆசைக்குக் காவல், யார் கண்ணிலும் படாமல் அடியில் கிடக்கும் ஒரு தகடு!