வாக்குறுதியும் வழக்கும்



செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது எங்கள் கீழ்பென்னாத்தூர். பணி ஓய்வு பெற்ற பின்னும் என் வீட்டுத் திண்ணை ஒரு சிறு பள்ளிக்கூடமாகவே இருந்து வருகிறது. சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை, என்னிடம் பயின்ற இளைஞன் ஒருவன் அத்திண்ணையில் வந்து அமர்ந்தான். வெளியூரில் வேலை பார்த்தவன். அங்கே ஒரு பெண்ணுடன் திருமணமின்றி ஒரே இல்லத்தில் வாழ்ந்தவன். உறவு முறிந்தது. திருமணம் செய்வதாகக் கூறி ஏமாற்றினான் என்று அப்பெண் காவல் நிலையத்தில் முறையிட்டார். விசாரணைக்கு வருமாறு அறிவிப்பும் வந்துவிட்டது.

"ஐயா, ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிக்கலாம் என்கிறார் மாமா. கைப்பேசியில் உள்ள செய்திகளை அழித்துவிடு என்கிறான் நண்பன். நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டான்.

"இரண்டையும் செய்யாதே" என்றேன். அதன் காரணத்தை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

முதற்கண், சேர்ந்து வாழ்வது குற்றமா? நடிகை குஷ்பு 2005-ஆம் ஆண்டில் திருமணத்துக்கு முற்பட்ட உறவு பற்றிக் கூறிய கருத்துக்காக அவர்மீது 23 வழக்குகள் தொடரப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை நம் தமிழ்நாட்டில் எழுந்தவை. உச்ச நீதிமன்றம் 2010 ஏப்ரல் 28 அன்று அவற்றை நீக்கியது. வயது வந்த இருவர் திருமணமின்றிச் சேர்ந்து வாழ்வது சிலருக்கு ஒழுக்கக்கேடாகத் தோன்றலாம். ஆனால் அது குற்றமாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

அங்ஙனமாயின் வழக்கு எங்கே பிறக்கிறது? இசைவு என்னும் இடத்தில் பிறக்கிறது. ஒரே வீட்டில் வாழ்ந்தமையால் எந்நாளும் இசைவு உண்டு என்று ஆகிவிடாது. பெண்ணின் இசைவின்றி நடந்தது வன்புணர்ச்சியே. இசைவு இருந்தும் அது பொய் வாக்குறுதியால் பெறப்பட்டதாயின், அங்கும் சட்டம் தலையிடும்.

2019-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் வழங்கிய இரண்டு தீர்ப்புகளை ஒப்புநோக்குவோம். ஏப்ரலில் வந்தது சத்தீஸ்கரைச் சேர்ந்த ஒரு மருத்துவரின் வழக்கு. வேறொரு பெண்ணை மணக்க ஏற்பாடாகியிருந்தும், அதை மறைத்து இப்பெண்ணுக்கு அவர் வாக்களித்தார். வாக்குறுதி தொடக்கத்திலேயே பொய் என்று கண்ட நீதிமன்றம், குற்றத் தீர்ப்பை உறுதி செய்து ஏழாண்டுச் சிறை விதித்தது. ஆகஸ்டில் வந்தது மகாராஷ்டிர வழக்கு. திருமணத்துக்குத் தடைகள் உண்டு என்பதை அறிந்தும் அவ்விருவரின் உறவு பல ஆண்டுகள் தொடர்ந்திருந்தது. நீதிமன்றம் முதல் தகவல் அறிக்கையையே நீக்கியது. காப்பாற்ற முடியாமற்போன வாக்கு வேறு. காப்பாற்றும் எண்ணமே இன்றிக் கொடுத்த வாக்கு வேறு. இவ்வேறுபாடே இவ்வகை வழக்கின் உயிர்நிலை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 69-ஆம் பிரிவு, நிறைவேற்றும் எண்ணமின்றித் திருமண வாக்களித்து உறவு கொள்வதைத் தனிக் குற்றமாக்கியிருக்கிறது. அதற்குப் பத்தாண்டு வரை சிறை விதிக்கலாம்.

இனி, குற்றம் சாட்டப்பட்டவருக்குள்ள வழிகளைக் காண்போம். முதல் வழி வழக்கறிஞரை நாடுவது. வசதியற்றோர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்னும் தொலைபேசி எண்ணும் உண்டு. இரண்டாவது, கைது நேரும் என்ற அச்சம் இருப்பின், மாவட்ட அமர்வு நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ முன்ஜாமீன் கோரலாம். சில குற்றப் பிரிவுகளுக்கு அது கிட்டாது. ஆதலின் எப்பிரிவில் வழக்கு என்பதை முதலில் அறிய வேண்டும். கைதானால் 24 மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்தப்படும் உரிமையையும், வழக்கறிஞருடன் கலந்துகொள்ளும் உரிமையையும் அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு தருகிறது. மூன்றாவது, புகாரில் கூறியவற்றை அப்படியே ஏற்றாலும் குற்றம் தோன்றவில்லையெனில், வழக்கை நீக்குமாறு உயர் நீதிமன்றத்தை வேண்டலாம். அங்கு வெற்றி கிட்டாவிடின், சாட்சியங்கள் போதாமையைக் காட்டி விசாரணை நீதிமன்றத்தில் விடுவிப்புக் கோரலாம். இறுதி வழி, விசாரணையை எதிர்கொண்டு உண்மையை நிலைநாட்டுவது.

இவை அனைத்துக்கும் அடிப்படை சான்றுகளே. கடிதங்கள், கைப்பேசிச் செய்திகள், வாடகை ஒப்பந்தம், பெற்றோரிடம் திருமணம் பற்றிப் பேசியதற்கான தடயங்கள் ஆகியன அன்றைய எண்ணத்தைக் காட்டுபவை. அவற்றை அழிப்பவன் தன் சாட்சியையே அழிக்கிறான். சான்றை அழித்த குற்றத்துக்கும் ஆளாகிறான்.

செய்யத்தகாதவை சிலவும் உண்டு. புகார் கொடுத்தவரைச் சந்தித்து மிரட்டுவதோ மன்றாடுவதோ கூடாது, ஜாமீனே பறிபோகும். அவர் பெயரை வெளியிடுவது தண்டனைக்குரியது. அவருடைய முந்தைய வாழ்க்கையைத் தூற்றுவது எதிர்வாதம் ஆகாது. அத்தகைய குறுக்கு விசாரணையைச் சட்டமே தடுக்கிறது. ஊர்ப் பஞ்சாயத்து இக்குற்றத்தைத் தீர்க்கவல்லதன்று. 2015-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வன்புணர்ச்சி வழக்கைச் சமரசத்துக்கு அனுப்பியபோது கடுங்கண்டனம் எழுந்தது. அவ்வுத்தரவு சில வாரங்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. நீதிமன்றமே செய்யலாகாததை ஆலமரத்தடி எங்ஙனம் செய்யும்?

பள்ளி மாணவர்கள் ஒன்றை நெஞ்சில் நிறுத்துக: 18 வயது நிரம்பாதவரின் இசைவு, 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் முன் இசைவே அன்று. மேலும், ஒருவர் விடுதலை பெற்றார் என்பதனாலேயே புகார் பொய்யாகிவிடாது. ஒருவர்மீது புகார் வந்தது என்பதனாலேயே அவர் குற்றவாளியாகிவிடவும் மாட்டார்.

அன்று அவ்விளைஞனிடம் ஒரு வினா எழுப்பினேன்: "மணப்பேன் என்று சொன்ன நாளில், மணக்கும் எண்ணம் உனக்கு இருந்ததா?" அவன் நெடுநேரம் தலைகுனிந்து இருந்தான். "விடையை என்னிடம் சொல்ல வேண்டா, உன் வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்" என்று கூறி அனுப்பினேன். மறுநாள் காலை அவன் திருவண்ணாமலைக்குப் பேருந்து ஏறினான். வழக்கு இன்னும் நடைபெறுகிறது.

அவ்வினாவை நீதிமன்றம் பின்னர்க் கேட்கும். நீங்கள் வாக்களிக்கும் முன்னரே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.