நோயுற்றோரின் மனச்சோர்வும் அதன் வகைகளும்

கடத்தூர் வட்டாரத்தில் நோயுற்றோரைச் சந்திக்கும் போதகர் அடிக்கடி கேட்பது: பசியில்லை, உறக்கமில்லை, உடம்பில் வலுவில்லை. இவை மனச்சோர்வின் அறிகுறிகளா, உடல்நோயின் விளைவுகளா? இதனை ஆராயாமல் ஆறுதல் கூறப் புகுவோமாயின் தவறிழைப்போம்.

தர்மபுரி மாவட்ட நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளூரைடு மிகுதி. அந்நீரை நெடுங்காலம் அருந்தியோரின் எலும்புகளும் மூட்டுகளும் இறுகி நோவுண்டாகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பெற்றது. ஆயினும் முன்னரே இறுகிய மூட்டுகள் இளகுவதில்லை. வலியால் உறக்கம் இழந்தவரை, அதனாலேயே மனச்சோர்வுற்றவர் எனல் பொருந்தாது. 1983-இல் சிக்மண்ட், ஸ்னெய்த் என்னும் மருத்துவர் இருவர் மருத்துவமனை நோயாளருக்கென வகுத்த வினாப்பட்டியல், இக்காரணம் பற்றியே உடற்குறிகளைப் பெரும்பாலும் விலக்கி, மகிழ்ச்சியிழப்பையே சிறப்பாக வினவுகிறது.

நோயாளரின் மனச்சோர்வை நான்காக வகுத்தறியலாம். முதலாவது, நோயே மூளையையோ சுரப்பிகளையோ தாக்குவதால் வருவது. பக்கவாதமுற்றோருள் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வு உண்டாகிறது. பார்க்கின்சன் நோயில் கைநடுக்கத்திற்கு முன்னரே அது தோன்றுவதுமுண்டு. தைராய்டு சுரப்புக் குறைவும் இதற்குக் காரணமாகலாம். இரண்டாவது, ஸ்டீராய்டு போன்ற மருந்துகளால் வருவது. மூன்றாவது, இழந்த வலிமையையும் வருவாயையும் எண்ணி வருந்துவதால் வருவது. நான்காவது, முன்பே இருந்த மனச்சோர்வு நோய்க்காலத்தில் திரும்புவது. ஒருவரிடத்திலேயே இவற்றுள் பல கலந்திருத்தலும் கூடும்.

தோற்றத்தால் ஏமாறுதலும் உண்டு. பக்கவாதமுற்ற சிலர் துயரமின்றியே அடக்கவொண்ணாது அழுவர். பார்க்கின்சன் நோயாளரின் அசைவற்ற முகம் சோகமாகத் தோன்றினும், உள்ளம் அமைதியாயிருக்கலாம். ஆகவே முகத்தை மட்டும் நோக்காமல், “முன்பு மகிழ்ச்சி தந்தவை இன்றும் மகிழ்ச்சி தருகின்றனவா? உங்களைப் பிறருக்குப் பாரமென்று எண்ணுகிறீர்களா? வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் எழுகிறதா?” என்று பரிவுடன் வினவ வேண்டும். இறுதி வினாவைக் கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை. மறைந்திருந்தது வெளிப்படவே வழி பிறக்கும். அவ்வெண்ணம் உண்டென்றால் நோயாளரைத் தனியே விடாது, வீட்டாரோடு அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லல் வேண்டும்.

வகையை உறுதி செய்தல் மருத்துவர் பணி. அதை அவிசுவாசமென்று தீர்ப்பிடாதிருத்தல் நம் பணி. மூளையிற்பட்ட காயத்தால் சோர்ந்தவரை விசுவாசக் குறைவுள்ளவரென்று கடிந்துகொள்வது, நோயோடு குற்றவுணர்வையும் அவர்மேல் சுமத்துவதாகும். சூரைச்செடியின் கீழ்ச் சாவை வேண்டிய எலியாவுக்கு முதலில் அருளப்பட்டவை கண்டனமல்ல; உறக்கமும் உணவுமே. நாமும் ஜெபத்தோடு மருத்துவரிடம் செல்லும் வழியையும் காட்டுவோமாக.