எட்டுப் பிற்றுக் கணினியும் தமிழ் எழுத்தும்

ஒரு கருவியின் பயனை நுகர்தல் வேறு. அதன் உள்ளமைப்பை உணர்ந்து அதனை ஆளுதல் வேறு. இந்நாளிற் கையடக்கத் தொலைபேசியை ஏந்தாதார் அரியர். அதனுள்ளே நிகழ்வதை அறிந்தாரும் அரியர். கோடிக்கணக்கான நுண்ணுறுப்புக்கள் செறிந்த அக்கருவியை ஒருவர் தனித்து முற்றும் அறிதல் இயலாத செயல். ஆனால், 1980 ஆம் ஆண்டளவில் வீடுகளிலும் பாடசாலைகளிலும் வழங்கிய எட்டுப் பிற்றுக் கணினிகள் அத்தகையனவல்ல. ஊக்கமுள்ள மாணவனொருவன் அவற்றை அடிமுதல் முடிவரை கற்றுவிடலாம். அவற்றுட் சிறந்ததாகிய பி.பி.சி. மைக்கிரோவை எடுத்து நோக்குவோம்.

பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் பொதுமக்களுக்குக் கணினியறிவு ஊட்டுவதற்கெனத் தொலைக்காட்சித் தொடரொன்றை வகுத்தபோது, அதனோடு இயைந்த கணினியொன்றையும் நாடிற்று. கேம்பிரிட்சு நகரில் 1978 இல் தோன்றிய ஏக்கோர்ன் என்னும் சிறு நிறுவனம் அப்பணியைப் பெற்றது. சோபி வில்சன், ஸ்டீவ் பேர்பர் முதலியோர் ஒரு வாரத்துள் மாதிரிப் பொறியொன்றை இயக்கிக் காட்டினர். 1981 டிசம்பரில் வெளிவந்த இக்கணினி, காலப்போக்கிற் பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று. இந்தியாவில் 1984 இல் தொடங்கிய பாடசாலைக் கணினிக் கல்வித் திட்டத்துக்கும் இதுவே தெரிவு செய்யப்பட்டது. முதற்கட்டமாக ஏறத்தாழ 250 பள்ளிகள் இதனைப் பெற்றன.

இனி, எட்டுப் பிற்று என்பதன் பொருள் யாதெனக் காண்போம். வெளிச்சவீட்டின் ஒளி ஒரு கணம் தெரியும். மறு கணம் மறையும். தெரிதல், மறைதல் என்னும் இரண்டையன்றி மூன்றாம் நிலை அதற்கில்லை. கணினியுள் மின்னழுத்தம் கொள்ளும் இத்தகைய இருநிலைகளுள் ஒன்றைக் குறிப்பதே பிற்று. எட்டு விளக்குகளை வரிசையாக நிறுத்தி, அவற்றை ஏற்றியும் அணைத்தும் காட்டக்கூடிய வேறுபட்ட தோற்றங்கள் 256. எட்டுப் பிற்றுக்கள் கூடியது ஒரு பைற்று. ஆகவே, ஒரு பைற்று 0 முதல் 255 வரையுள்ள எண்களுள் ஒன்றைத் தாங்கும்.

இக்கணினியின் மூளையாக அமைந்தது 6502 என்னும் சில்லு. அமெரிக்காவின் மொஸ் தெக்னோலொஜி நிறுவனம் 1975 இல் வெளியிட்ட இது, பிறவற்றினும் மிகக் குறைந்த விலையில் விற்கப்பட்டமையால் ஆப்பிள் II முதலிய பல கணினிகளிலும் இடம்பெற்றது. பி.பி.சி. மைக்கிரோவில் இது செக்கனுக்கு இருபது இலட்சம் துடிப்புக்களுடன் இயங்கியது. தரவுகள் எட்டுக் கம்பிகளின் வழியே இதனிடம் வந்து செல்லும். குறிகாட்டுவானிலிருந்து நயினாதீவுக்குச் செல்லும் படகொன்றில் ஒருமுறைக்கு எண்மர் மாத்திரம் ஏறலாமென வைத்துக்கொள்வோம். பதினாறு பேர் கடக்கவேண்டின் படகு இருமுறை செல்லல் வேண்டுமன்றோ? அவ்வாறே 255 இலும் பெரிய எண்ணைக் கையாள இச்சில்லு ஒன்றுக்கு மேற்பட்ட முறை உழைத்தல் வேண்டும்.

நினைவகத்தின் அமைப்பை விளக்க நெடுந்தீவிலுள்ள பழைய புறாக்கூடு தக்க உவமையாகும். அதன் சுவரிற் சிறு பொந்துகள் வரிசை வரிசையாக உள்ளன. ஒவ்வொரு பொந்துக்கும் ஓரிலக்கம் இட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பைற்றை வைத்தாற் போன்றதே நினைவகம். 6502 சில்லின் முகவரிக் கம்பிகள் பதினாறாதலின், அது சுட்டக்கூடிய பொந்துகள் 65,536. மொடல் பி என்னும் வகையில் இவற்றுட் பாதி, அதாவது 32,768, எழுதவும் அழிக்கவும் தக்க மாறு நினைவகம். மின்சாரம் நின்றால் இதிலுள்ளவை யாவும் மறையும். மறுபாதி பெரும்பாலும் மாறா நினைவகம். பேசிக் என்னும் கணினி மொழியும் பொறியை நடத்தும் கட்டளைகளும் இதிற் பதிக்கப்பட்டிருந்தன.

அம்மாறா நினைவகத்திலேயே ஆங்கில எழுத்துக்களின் வடிவங்களும் உறைந்தன. ஒவ்வோரெழுத்தும் நிரைக்கு எட்டாக எட்டு நிரைகளில் அமைந்த 64 புள்ளிகளின் கோலம். நிரைக்கு ஒரு பைற்றாக எட்டுப் பைற்றுக்களில் அடங்குவது. பயன்படுத்துவோர் தாமே வகுக்கும் வடிவங்களுக்கும் இப்பொறி இடமளித்தது. ஆயின், இதில் தமிழை எழுதுதல் கூடுமோ?

தமிழெழுத்துக்கள் 247 எனினும், அச்சுக்கு வேண்டிய வடிவங்கள் அத்துணையல்ல. உயிர் 12, ஆய்தம் 1. அகர, இகர, ஈகர, உகர, ஊகர உயிர்மெய்களும் மெய்களும் பதினெட்டுப் பதினெட்டாக 108. எஞ்சியவற்றை ஆக்கும் தனிக்குறிகள் 4. ஆக, 125 வடிவங்கள் போதும். ஆனால் ‘ண’, ‘ஞூ’ போன்றவை எட்டுப் புள்ளி அகலத்துள் தெளிவாகத் தோன்றா. பதினாறுக்குப் பதினாறு புள்ளிகளேனும் வேண்டும். அவ்வாறாயின் ஒரு வடிவத்துக்கு 32 பைற்று; 125 வடிவங்களுக்கு 4,000 பைற்று.

இக்கணினி நிரைக்கு 640 புள்ளிகளாக 256 நிரைகளைத் திரையிற் காட்டும்போது, திரைக்கு மாத்திரம் 20,480 பைற்று செலவாகும். பொறியின் சொந்தத் தேவைக்குரியதையும் கழித்தால், ஒலிநாடாவைக் கொண்டு பணிசெய்வோருக்கு எஞ்சுவது 8,704 பைற்று. அதில் ஏறத்தாழப் பாதியைத் தமிழ் வடிவங்களே கொள்ளும். ஒலிநாடாவிலிருந்து அவற்றை ஏற்ற அரை நிமிடத்துக்கு மேலாகும். மின்சாரம் நின்றால் மீண்டும் ஏற்றவேண்டும். ஆங்கிலம் அவ்வீட்டின் உரிமையாளனாக நிலைத்திருப்ப, தமிழ் ஒவ்வொரு நாளும் மூட்டையுடன் வந்து திரும்பும் விருந்தினனாக நின்றது. தமிழின் குறையன்று இது. எவருடைய எழுத்தை மனத்திற்கொண்டு பொறி வகுக்கப்பட்டது என்பதன் விளைவேயாகும்.

இவ்விடர் உடனே தீர்ந்துவிடவில்லை. பெரிய கணினிகள் வந்தபின்னரும், ஓரெழுத்துக்கு ஒரு பைற்று என்னும் வழக்கு நெடுங்காலம் நிலைத்தது. 256 இடங்களில் முற்பாதி ஆங்கிலத்துக்கு ஒதுக்கப்பட, எஞ்சிய 128 இல் தமிழ் நெருங்கியிருக்க நேர்ந்தது. எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடு வேறுபட்டமையால், ஒருவர் எழுதியதை மற்றவர் வாசிக்க இயலாமற் போயிற்று. 1999 இற் சென்னையிற் கூடிய தமிழிணைய மாநாடு இக்குழப்பத்தை ஒழுங்குபடுத்த முயன்றது. 1991 இல் வெளிவந்த யூனிக்கோட்டு முறையே தமிழுக்கெனத் தனியிடம் வகுத்தது. அது பரவியபின்னரே இடர் பெரிதும் நீங்கிற்று.

யாழ்ப்பாணக் குடாநாடு 1990 முதற் பல்லாண்டுகள் மின்விநியோகமின்றி இருளில் ஆழ்ந்தது. தீவுகளினின்றும் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். கணினியை அதன் எளிய நிலையிற் கண்டு கற்கும் வாய்ப்பு இம்மண்ணின் ஒரு தலைமுறையினருட் பெரும்பாலோருக்குக் கிட்டவில்லை. அவர்தம் பிள்ளைகள் கண்ட கணினியோ, உள்ளே நோக்கவொண்ணாதபடி முதிர்ந்துவிட்டது.

எனினும், விட்ட பாடத்தை மீளக் கற்றல் இன்றும் கூடும். பி.பி.சி. மைக்கிரோவை நிகர்த்து இயங்கும் மென்பொருள்கள் இப்பொழுது கிடைக்கின்றன. அதனைக் கற்றல் வீண்முயற்சியுமன்று. 1985 இல் ஏக்கோர்ன் நிறுவனத்தார் ஆக்கிய ‘ஆர்ம்’ என்னும் சில்லு முதலில் இக்கணினியோடு இணைத்தே இயக்கப்பட்டது. அதன் வழித்தோன்றல்களே இன்றைய கையடக்கத் தொலைபேசிகளுள் உள்ளன. மாணவனொருவன் கட்டமிட்ட தாளிற் பதினாறுக்குப் பதினாறாகக் கோடிட்டு, ‘ழ’ என்னும் எழுத்தைப் புள்ளிகளால் நிரப்பி, அதனை 32 எண்களாக மாற்றிப் பார்ப்பானாக. அவ்வெண்கள் திரையில் மீண்டும் எழுத்தாக மலரும்போது, கணினி அவனுக்கு மாயப்பொருளாகத் தோன்றாது.