தீயில் ஏறும் சுருதி

இலங்கை மலையகத்தில், பதுளை மாவட்டத்து அப்புத்தளை, நமுனுகுலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் காமன் கூத்து தொடங்குமுன், தப்பு என்ற தோல் பறையை அடிக்கும் தப்புக்காரர்கள் சருகும் விறகும் சேர்த்துத் தீ மூட்டுவார்கள். தப்பின் தோல்முகத்தை அனலில் காட்டிக் காய்ச்சி, இடையிடையே தட்டிப் பார்ப்பார்கள். ஓசை விறைப்பாக எழுந்தால்தான் களத்தில் இறங்குவது.

தோல் ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சினால் நெகிழும். சூடு பட்டால் ஈரம் போய்ச் சுருங்கி, மரச் சட்டத்தின்மேல் இறுகும். இழுவிசை கூடச் சுருதியும் ஏறும். ஆனால் இழுவிசை நான்கு மடங்கானால்தான் அதிர்வெண் இரண்டு மடங்காகும் என்பதால், கொஞ்சம் காய்ச்சினால் போதாது. பதுளை நகரம் ஏறத்தாழ 680 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அப்புத்தளையோ 1,400 மீட்டருக்கும் மேலே. அந்த உயரத்துப் பனியில் ஒருமுறை ஏற்றிய சுருதி விடியும்வரை நிற்காது. ஒருவர் தீப்பக்கம் ஒதுங்க, மற்றவர்கள் அடி அறுந்துவிடாமல் பிடித்துக்கொள்வார்கள்.

கொழும்பில் 1958இல் தொடங்கிய இலங்கை சிம்பொனி இசைக்குழுவிலும் வாசிப்புக்கு முன் சுருதி சேர்ப்பது உண்டு. அத்தகைய குழுக்களில் ஓபோ என்ற துளைக்கருவி ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்க, வயலின் முதல் எக்காளம்வரை எல்லாம் அதனோடு சேரும். தப்புக் குழுவில் அந்த வேலையைத் தீயும் காதும் செய்கின்றன.

வளைந்த மரத்துண்டுகளைப் பொருத்திச் சட்டம் செய்து, புளியங்கொட்டைப் பசையால் கன்றுத் தோலை ஒட்டுவது பழைய முறை. அடிக்க இரண்டு குச்சிகள்: ஒன்று குட்டை, தடிப்பு, மற்றது நீண்டு மெலிந்த மூங்கில் சிம்பு. தோலின் நடுவில் விழும் அடி கனத்த ஓசை தரும். விளிம்பில் விழும் அடியில் மேல் அதிர்வுகள் ஓங்கும். அவற்றில் முதலாவது, அடிப்படை அதிர்வைப் போல் 1.59 மடங்கு, முழு எண் மடங்கு இல்லை. தப்பின் வெடிப்பான ஓசைக்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு காலத்தில் தோட்டத்தின் நாளே தப்பில்தான் விடிந்தது. காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களத்துக்கு ஆட்களை அழைக்க ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி. லயத்து வீடுகளில் இருந்தபடியே கேட்டுச் சேதி அறிந்தார்கள்.

திறமை முழுவதும் வெளிப்படுவது காமன் கூத்தில். மாசி அமாவாசைக்குப் பின் காமன் ஊன்றி, நாள்கணக்கில் நடக்கும் கூத்து அது. காமனாகிய மதனும் அவன் மனைவி ரதியும் ஆடும்போது ஒரு நடை. வீரபத்திரன் வரும்போது வேகம் வேறு. கூத்து வாத்தியார் பாட்டை எங்கே நிறுத்துவார், எங்கே எடுப்பார் என்று தப்புக்காரர் முன்கூட்டியே உணர வேண்டும். எழுதிவைத்த தாள் எதுவும் அவர்கள் முன்னால் இல்லை. இவ்வளவு நுட்பமான கலைஞர்களைச் சாதியின் பேரால் ஒதுக்கிவைத்தது பெரும் அநீதி. அந்த இழிவுக்குக் கூசியே கருவியைத் தொட மறுத்த பிள்ளைகளும் உண்டு.

பிளாஸ்டிக் முகம் போட்ட தப்புகளும் இப்போது புழங்குகின்றன. அவை ஈரம் குடிப்பதில்லை, தீயும் கேட்பதில்லை. மழைநாள் ஊர்வலத்துக்கு அது பெரிய வசதி. கூத்துக்கு மட்டும் தோல்தப்பே வேண்டும். காமன் எரிந்தபின் ரதி புலம்பும் இடத்தில் அடி தணிந்து, கனத்து ஒலிக்க வேண்டியிருக்கிறது; அந்தக் கனம் தோலில்தான் இருக்கிறது.