திருமணமும் வீட்டுக் காப்புறுதியும்: ஐக்கிய அமெரிக்க ஒப்பந்தங்கள் பற்றிய ஒரு நோக்கு

தனித்தனியே வாழ்ந்த இருவர் மணம்புரிந்து ஒரே கூரையின்கீழ் வாழத் தொடங்கும்போது, அவர்களுடைய தட்டுமுட்டுப் பொருள்கள் மட்டுமன்றி, முன்னர் அவர்கள் செய்துகொண்ட ஒப்பந்தங்களும் ஒன்றையொன்று எதிர்ப்படுகின்றன. ஐக்கிய அமெரிக்காவில் இது நாளாந்த நிகழ்ச்சி. மணமக்களுள் ஒருவர் தம் சொந்த வீட்டுக்குக் காப்புறுதி செய்திருப்பார். மற்றவர் வாடகை வீட்டிலுள்ள தம் உடைமைகளுக்குக் காப்புறுதி செய்திருப்பார். இரண்டையும் ஒன்றாக்கினால் கட்டுப்பணம் குறையும் என்பதே இவர்களுக்குப் பொதுவாகக் கிடைக்கும் அறிவுரை. அது பொய்யன்று. ஆயின், ஒப்பந்தத்தில் 'நீங்கள்' என்ற சொல் யாரைக் குறிக்கின்றது என்பதே இங்கு அடிப்படை வினா என நாம் கருதுகின்றோம்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அந்நாட்டில் தீ, களவு, பிறர்க்கு நேரும் ஊறுக்கான பொறுப்பு ஆகியவற்றுக்கு வெவ்வேறு ஒப்பந்தங்கள் செய்யவேண்டியிருந்தது. 1950 இல் பென்சில்வேனியாவிலே இவற்றை ஒரே பத்திரத்தில் அடக்கிய வீட்டுடைமையாளர் காப்புறுதி அறிமுகமாயிற்று. 1971 இல் உருவான காப்புறுதிச் சேவைகள் அலுவலகம் வெளியிடும் மாதிரிப் படிவங்களையே பின்னர்ப் பல கம்பனிகள் பின்பற்றலாயின. அவற்றுள் எச்.ஓ.-3 எனப்படுவது வீட்டுடைமையாளர்க்குரியது. கட்டடம், உள்ளிருக்கும் பொருள்கள், பொறுப்பு ஆகிய மூன்றையும் அது காக்கும். எச்.ஓ.-4 வாடகைக் குடியிருப்பாளர்க்குரியது; கட்டடம் வீட்டுக்காரருடையதாகையால் ஏனைய இரண்டையுமே அது காக்கும். வீட்டுக்காரரின் காப்புறுதி தம் பொருளையும் காக்கும் என நம்பி ஏமாந்த குடியிருப்பாளர் பலர்.

மாதிரிப் படிவத்தின்படி 'நீங்கள்' என்பது விபரப் பக்கத்தில் பெயர் குறிக்கப்பட்டவரையும், அவரோடு ஒரே இல்லத்தில் வசிக்கும் வாழ்க்கைத் துணையையும் குறிக்கும். ஆகவே மணமும் உடனுறைவும் சேர்ந்த அன்றே, கையொப்பம் எதுவுமின்றி, துணைவர் ஒப்பந்தத்தினுள் வந்துவிடுகின்றார். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் நிலைமை வேறு. மணநாள் குறிக்கப்பட்டு ஒன்றாக வாழ்வோராயினும், மணமாகும்வரை ஒருவரின் பத்திரம் மற்றவரின் பொருளைத் தானாகக் காப்பதில்லை. எனவே வாடகைக் காப்புறுதியை முன்கூட்டியே நிறுத்திவிடுதல் தவறு. மணமான பின்னரும் குத்தகைக் காலம் முடியாது சில பொருள்கள் பழைய வாடகை வீட்டிலேயே கிடப்பதுண்டு. காப்புறுதி பெற்றவரின் வேறொரு வசிப்பிடத்தில் வழக்கமாக உள்ள பொருள்களுக்கு, உட்பொருள்களுக்கான தொகையில் 10 சதவீதம் அல்லது 1,000 டொலர், இவற்றுள் பெரியதே உச்சவரம்பு. அத்தொகை 80,000 டொலராயின், பழைய வீட்டிலுள்ளவற்றுக்கு 8,000 டொலர் மட்டுமே கிடைக்கும்.

தொகை பற்றிய இன்னொரு நுட்பமும் உண்டு. எச்.ஓ.-3 இல் உட்பொருள்களுக்கான தொகை பெரும்பாலும் கட்டடத் தொகையின் பாதியாக அமையும். இரு வீட்டுப் பொருள்களும் மணப்பரிசில்களும் ஒரே வீட்டுக்குள் வந்து சேர்வதால் அது தானாக உயர்வதில்லை. நகை விடயத்தில் நிலைமை மேலும் மோசம். 2000, 2011 ஆம் ஆண்டு மாதிரிப் படிவங்களில் நகை, கைக்கடிகாரம் முதலியன களவுபோனால் கிடைக்கும் உச்சத்தொகை 1,500 டொலர். இது ஆளுக்கு அன்று. இல்லம் முழுவதற்கும் ஒரு களவுக்கு உரியது. இரண்டு பத்திரங்கள் இருந்த காலத்தில் ஒவ்வொருவர்க்கும் 1,500 டொலர் இருந்தது. ஒன்றான பின்னர் இருவர்க்கும் சேர்த்தே 1,500. இணைத்தல் என்பது சில இடங்களிற் குறைத்தலாகவும் முடிகின்றது! தாலிக்கொடியும் காப்புகளும் அட்டியலுமாக மணவாழ்வைத் தொடங்கும் புலம்பெயர் தமிழ்க் குடும்பங்களுக்கு இது சிறிய செய்தியன்று. நகைகளை ஒவ்வொன்றாகப் பெயர் குறித்து, மதிப்பீட்டோடு தனியே சேர்ப்பிப்பதே இதற்கு வழி.

வீட்டுடைமையாளர் தம் வீட்டை விட்டுத் துணைவரின் வாடகை வீட்டுக்குக் குடிபோவதும் உண்டு. எச்.ஓ.-3 காக்கும் வீடு 'நீங்கள் வசிக்கும்' வீடாக இருத்தல் வேண்டும். நியூயோர்க் மாநில உயர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் 2012 இல் வந்த ஒரு வழக்கில், வாங்கிய வீட்டைக் கறையான் அரித்திருந்தமையால் அதனைத் திருத்திக்கொண்டிருந்த உரிமையாளர் குடிபுகுமுன்னரே அது எரிந்துபோயிற்று. அவர் அங்கு வசிக்கவில்லையெனக் கம்பனி பணம் தர மறுத்தது. 'வசித்தல்' என்பதன் பொருள் அச்சூழ்நிலையில் ஐயத்துக்கிடமானது எனக் கூறி, நீதிமன்றம் கம்பனியின் வாதத்தை ஏற்கவில்லை. எனினும் நீதிமன்றம்வரை போய்ப் பெறவேண்டிய காப்பைக் காப்பு என்று சொல்வது கடினம். மேலும், வீடு வெறுமையாகத் தொடர்ந்து 60 நாள்களுக்கு மேல் கிடப்பின், நாசகாரச் சேதத்துக்கு 2000, 2011 படிவங்களில் காப்பில்லை.

மணத்தால் இருவரும் ஒரே 'நீங்கள்' ஆவதன் கடுமையான விளைவு வேறோரிடத்தில் வெளிப்படுகின்றது. கணவனும் மனைவியும் சட்டத்தின் முன் ஒரே ஆள், அந்த ஆள் கணவனே என்பது ஆங்கிலப் பொதுச்சட்டத்தின் பழைய கோட்பாடு. சீதனம் மணத்தின் பின்னரும் மனைவியின் தனியுடைமையாக நிற்கும் தேசவழமையை அறிந்த எமக்கு இது விந்தையாகத் தோன்றலாம். 1839 இல் மிசிசிப்பியும் 1848 இல் நியூயோர்க்கும் மணமான பெண்ணின் சொத்துரிமையைச் சட்டமாக்கி இக்கோட்பாட்டைத் தளர்த்தின. ஆயினும் காப்புறுதித் துறையில் அதன் நிழல் நீடித்தது. கணவன் வேண்டுமென்றே வீட்டுக்குத் தீவைத்தால், அதில் எப்பங்கும் கொள்ளாத மனைவிக்கும் நட்டஈடு மறுக்கப்பட்டு வந்தது. ஒப்பந்தத்தின் கடப்பாடு இருவர்க்கும் கூட்டானது என்பதே கூறப்பட்ட நியாயம். வீட்டில் வன்முறைக்கு ஆளான பெண், எரிந்த வீட்டின் பேரிலும் தண்டிக்கப்பட்டாள்.

1982 இல் விஸ்கொன்சின் உச்ச நீதிமன்றம் இந்நியாயத்தை நிராகரித்து, குற்றமற்ற துணைவர் தம் பங்கைப் பெறலாம் எனத் தீர்ப்பளித்தது. இவ்வகைத் தீர்ப்புகளுக்குக் கம்பனிகள் கண்ட மறுமொழி ஒரு சொல்மாற்றம். 'காப்புறுதி பெற்றவர்' செய்த செயல் என்றிருந்த விலக்கு, 'காப்புறுதி பெற்றோருள் எவரேனும்' செய்த செயல் என விரிந்தது. பல மாநில நீதிமன்றங்கள் இச்சொற்றொடரை ஏற்றன. மினசோட்டா உச்ச நீதிமன்றம் 1997 இல் ஏற்க மறுத்தது. மாநிலச் சட்டம் விதித்த தீக்காப்புறுதிப் படிவத்தினும் குறைந்த காப்பைக் கம்பனி தர முடியாது என்பது அதன் முடிவு. மகன் மூட்டிய தீயால் வீடு சேதமுற்ற பெற்றோரின் வழக்கில் 2011 இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றமும் இவ்வழியிலேயே சென்றது. வீட்டு வன்முறைக்கு ஆளானோரைப் பாதுகாக்கும் விதிவிலக்குகளைச் சில சட்டமன்றங்களும் இயற்றியுள்ளன. ஆயினும் மாநிலத்துக்கு மாநிலம் நிலைமை வேறுபடுகின்றது.

பொறுப்புக் காப்பிலும் இத்தகைய மாற்றமொன்று நிகழ்கின்றது. மணத்துக்கு முன் விருந்தாளியாக வந்து பழுதான படியிலே தடுக்கி விழுந்தவர், வீட்டுக்காரரின் பத்திரத்தின் பேரில் நட்டஈடு கோரலாம். அதே படியில் மணத்தின் பின் விழுந்தால் முடியாது. அவரும் இப்போது 'நீங்கள்' ஆகிவிட்டார்.

துணைவர் என்ற வகையில் மட்டும் ஒப்பந்தத்தினுள் வந்தவர், இல்லத்தை விட்டு நீங்கியதும் அதிலிருந்தும் நீங்குகின்றார். பெயர் குறிக்கப்பட்டவர்க்கு இந்நிலை இல்லை. ஆதலின் மணமக்கள் கம்பனிக்கு மணச்செய்தியைத் தெரிவிப்பதோடு அமையாது, விபரப் பக்கத்தில் இருவர் பெயரையும் எழுதுவித்தல் வேண்டும். தொகைகளைக் கூட்டிப் பார்க்குமுன், விலக்குப் பகுதியில் நிற்பது 'காப்புறுதி பெற்றவரா', 'எவரேனுமா' என்பதையும் அவர்கள் வாசித்துக்கொள்ளல் நன்று.